சனிக்கிழமையே எழுதிய பதில்

நூலகத்து மாடியில் ஞாயிறுதோறும் ஹைக்கூ வகுப்பு. நடத்துபவர் பரிமளம் டீச்சர். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் தன் மூன்று வரியை இரண்டு தரம் வாசிப்பார். அவருக்கு வலப்பக்கம் இருப்பவர் உடனே மூன்று வரியில் பதில் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே முறை.

தணிகாசலம் டீச்சரைவிட வயதில் மூத்த மாணவர். எல்லாருக்கும் அண்ணன். பாதியில் படிப்பை விட்டவர். படித்தவர்கள் நடுவே வார்த்தை வராமல் விழிக்க நேருமோ என்ற பயம் அவருக்குத் தீரவே இல்லை. அதனால் பதிலைச் சனிக்கிழமையே எழுதி மனப்பாடம் செய்துவிடுவார். எதற்கும் பொருந்துகிற மாதிரி. பக்கத்து நாற்காலிக்காரர் வாசிக்கும்போது உதட்டுக்குள் அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நாற்காலி எப்போதும் சகாயமேரியுடையது. தள்ளியிருந்த ஓர் ஊரிலிருந்து பஸ்ஸில் வருபவர், அதிகம் பேசாதவர். ஒரு ஞாயிறு அவர் வாசித்து முடித்ததும் தணிகாசலம் சொன்னார்:

"விளக்கடியில் பல்லி
கவிதையும் கேட்கிறது
பூச்சியும் பிடிக்கிறது."

மாடியே சிரித்தது.

"அண்ணே, பல்லி நீங்கதானா?" என்றார் ஒருவர்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. சகாயமேரியும் லேசாகச் சிரித்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

பிறகு அவர் வரவில்லை. அவர் கணவர் இறந்த செய்தி வெகுநாள் கழித்துத்தான் வகுப்புக்கு எட்டியது. அந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரமே அடக்கம் முடிந்திருந்தது.

டீச்சர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தணிகாசலம் மாடிப்படியிலேயே மறித்தார்.

"திரும்ப வருவாங்களா டீச்சர்?"

"மாட்டாங்க."

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இத்தனை வருஷப் பழக்கம்."

"நானும் அதத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அன்னிக்கே சொன்னேனே டீச்சர், ரெண்டு தரம்'னாங்க."

தணிகாசலம் அந்த மூன்று வரியைத் தேடினார். பல்லி வந்தது. கைதட்டல் வந்தது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா டீச்சர்?"

"இல்ல அண்ணே. நானும்தான் பல்லிக்குச் சிரிச்சேன். அவங்ககிட்டயே கேட்டுட்டு வந்தேன்."

படியில் உட்கார்ந்து டீச்சர் சொன்னார்:

"விடிகாலை
இரண்டு டம்ளர் தேநீர்
ஒன்று ஆறிப்போகிறது."

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நாளைக்கே போறேன் டீச்சர். இதுக்கு நல்ல பதிலா ஒண்ணு எழுதி..."

"இருங்க அண்ணே," என்றார் டீச்சர். "இன்னும் ரெண்டாவது தரம் சொல்லல."