காலியாகத் தெரிந்த பாடவேளை

குணசீலன் தன்னைவிடப் பதிமூன்று வயது இளைய தலைமையாசிரியையிடம் பாடம் கேட்டவர். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை. பள்ளியின் கால அட்டவணை அவர் பொறுப்பு. அதைப் போடும் மென்பொருள் வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. தலைமையாசிரியை மங்களேஸ்வரி மூன்று நாள் மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து எதில் சந்தேகம் வந்தாலும் குணசீலன் அவர் அறை வாசலில்தான் போய் நிற்பார்.

முப்பத்து நான்கு ஆசிரியர்கள், இருபத்திரண்டு வகுப்புகள். ஜூன் மாதம் அட்டவணையை முடித்து, அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினார். மங்களேஸ்வரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"இதுல யாருக்கும் காய்ச்சலே வராதா சார்?"

குணசீலனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் திரும்பிப் போய்க் கணினி முன் உட்கார்ந்தார். அதற்கும் மென்பொருளில் வழி இருந்தது. ஒருவர் வராவிட்டால், அந்த நேரத்தில் வகுப்பில்லாதவர்களில் யாருக்கு வாரத்தில் குறைந்த பாடவேளையோ அவரை அதுவே தேர்ந்தெடுக்கும். அவருடைய கைப்பேசிக்குச் செய்தியும் அனுப்பிவிடும். யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டாம். வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சும் எழாது.

"இது நியாயமா இருக்கும்ல மேடம்?"

"நியாயமாத்தான் தெரியுது" என்றார் மங்களேஸ்வரி.

ஐந்து மாதம் ஒரு வகுப்புகூட ஆசிரியர் இல்லாமல் கிடக்கவில்லை. பக்கத்துப் பள்ளியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளைக்கு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், தையல் டீச்சர் பவளக்கொடி இரண்டாம் மாடிப் படியில் விழுந்து கிடந்தார். கையில் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இருந்தது. கணக்கு ஆசிரியர் அன்று விடுப்பு.

ஆம்புலன்ஸ் கிளம்பிப் போன பிறகு குணசீலன் கணினியைத் திறந்தார். அந்த மாதத்தில் பவளக்கொடி பார்த்த பதினேழாவது மாற்று வகுப்பு அது. மற்றவர்களுக்கு வாரத்துக்கு இருபத்தெட்டுப் பாடவேளை, அவருக்குப் பன்னிரண்டு. மென்பொருள் ஒவ்வொரு முறையும் அவரையே தேடிப் போயிருந்தது.

ஏன் பன்னிரண்டு என்பது அலுவலகத்துப் பழைய கோப்பு ஒன்றில் இருந்தது. இதய வால்வில் கோளாறு. முன்பிருந்த தலைமையாசிரியர் மருத்துவச் சான்றைப் பார்த்துப் பாடவேளையைக் குறைத்து, மாடி ஏறும் வகுப்பு கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தாளை மங்களேஸ்வரி பார்த்ததில்லை. குணசீலனும் பார்த்ததில்லை. பன்னிரண்டு என்ற எண்ணை மட்டும் குணசீலன் தன் கையால் கணினியில் ஏற்றியிருந்தார்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றிய பிறகுதான் பார்க்க விட்டார்கள். பவளக்கொடியின் உதடு வெளுத்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"யார்கிட்ட சார்?"

"எங்கிட்ட."

"நீங்க போடலையே. கம்ப்யூட்டர் போட்டதுன்னுதான் சொன்னாங்க. அதுகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு பவளக்கொடி தொடர்ந்தார். "எல்லாரும் இருபத்தெட்டு எடுக்குறாங்க. எனக்கு மட்டும் முடியாதுன்னு எந்த முகத்தோட சொல்ல?"

வாங்கிப் போயிருந்த சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் குணசீலன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் வந்து எழுப்பும்வரை அப்படியே இருந்தார்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"விதியை மாத்தணும் மேடம். உடம்பு முடியாதவங்க பேர்ல ஒரு குறி போட்டுடலாம். அவங்களைத் தள்ளிட்டு மத்தவங்களை எடுக்கும்."

"போடலாம்."

"அது போதுமா? இன்னும் என்னென்ன விதி வேணும்? நீங்க சொல்லுங்க, நான் ஏத்துறேன். இனி ஒருத்தர் இப்படி விழக் கூடாது."

மங்களேஸ்வரி எழுந்து, அவரையும் கூட்டிக்கொண்டு கணினி இருந்த அறைக்குப் போனார். மாற்று வகுப்பைத் தானாக ஒதுக்கும் விதியை நிறுத்தினார்.

"நியாயமாத்தான் தெரியுதுன்னு அன்னைக்கு நானும் சொன்னேன்" என்றார். பிறகு, "இன்னைக்கு யார் யார் லீவு?"

"மூணு பேர்."

"அந்த வகுப்புப் பிள்ளைகளை ஹாலுக்கு வரச் சொல்லுங்க. நான் பார்த்துக்கிறேன். இன்னும் ஒரு வாரத்துக்கு யார் வராட்டியும் நானே பார்த்துக்கிறேன். நீங்க நம்ம ஆசிரியர்கள் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க. ஃப்ரீ பீரியட்ல என்ன செய்வீங்கன்னு."

"கேட்டு எழுதிட்டு வரவா?"

"எழுத வேண்டாம். கேட்டா போதும்."

நான்கு நாள் ஆனது.

வணிகவியல் ஆசிரியர் முத்துக்கருப்பன் எடுத்த எடுப்பிலேயே முறைத்தார். "என்னை எதுல மாட்டிவிடப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான்."

"இந்தப் பள்ளிக்கூடத்துல சும்மா யாரு கேப்பா?" என்று போய்விட்டார். மறுநாள் மதியம் அவரே தேடி வந்து, தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கூட்டிப் போனார். "எங்கப்பாவுக்கு நினைவு தப்பிடுச்சு. பதினொன்றரைக்கு நான் போன்ல பேசினாத்தான் வாயைத் திறந்து மாத்திரை போட்டுக்குவார். அம்மா சொன்னா கேக்க மாட்டார். அந்த நேரத்துல வகுப்பு போட்டீங்கன்னா அன்னைக்கு மாத்திரை கிடையாது. போன மாசம் நாலு நாள் கிடையாது."

ஆங்கிலம் எடுக்கும் ஷப்னம், "குழந்தைக்கு ஆறு மாசம் சார்" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் தயங்கி, "பால் கட்டிக்கும். ஆய்வகத்துக்குப் பின்னால சாமான் அறைக்குப் போவேன். தாழ்ப்பாள் இல்ல. நாற்காலியை முட்டுக்கொடுத்துக்குவேன்" என்றார். குணசீலன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். அன்று சாயங்காலம் தச்சரோடு நின்று அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

உடற்கல்வி ஆசிரியர், "தூங்குவேன். எழுதிக்குங்க" என்றார்.

"எழுதச் சொல்லலை சார்."

"அப்படியா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்று ஆசிரியை வெகுநேரம் யோசித்தார். "ஒண்ணும் செய்ய மாட்டேன் சார். சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டுல ஒரு நிமிஷம் அப்படி உட்கார முடியாது. தப்பா?"

"தப்பில்ல டீச்சர்" என்றார் குணசீலன்.

ஐந்தாம் நாள் மாலை குணசீலன் தலைமையாசிரியை அறை வாசலில் வந்து நின்றார். வாரம் முழுக்க ஹாலில் பேசிப் பேசி மங்களேஸ்வரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. பவளக்கொடிக்கு வரும் மாதம் அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்த செய்தியை அந்தக் கட்டிய குரலில் சொன்னார். வந்தாலும் இனி மாடி ஏற முடியாது என்பதையும் சொன்னார்.

"எல்லார்கிட்டயும் கேட்டேன் மேடம்."

"சரி."

"நாளைக்கு ரெண்டு பேர் லீவு. அந்த வகுப்புக்கு யாரைப் போடலாம்னு ஒரு மணி நேரமா உட்கார்ந்து பார்த்தேன். எந்தப் பேரைத் தொட்டாலும் அவங்க முகம் வந்து நிக்குது. முன்னாடி கம்ப்யூட்டருக்கு ஒரு நிமிஷ வேலை."

மங்களேஸ்வரி மாற்று வகுப்புப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினார். மேலே ஒரு பேனாவை வைத்தார்.

"யாரையும் போட முடியலைன்னு சொல்றேன் மேடம்."

"அதனாலதான் சார் உங்ககிட்ட குடுக்கிறேன்."