குமிழிக்கு முதலில் மூன்றாம் பாடம்

அல்லிக் குளம் ஒன்றில் நீளவாலன் என்ற இலைக்கோழி இருந்தான். இலைக்கோழி, மிதக்கும் இலைகளின் மேலேயே ஓடித் திரிகிற பறவை. அந்த இனத்தில் அம்மா முட்டையிட்ட கையோடு அடுத்த குளத்துக்குக் கிளம்பிவிடுவாள். அடைகாப்பது, வளர்ப்பது, பாடம் சொல்லித் தருவது எல்லாம் அப்பாவின் தலையில்தான்.

நீளவாலனிடம் மூன்று பாடங்கள் இருந்தன. முதல் பாடம், இலைமேல் நிற்காமல் ஓடுவது. அடுத்தது, ஓடிக்கொண்டே பூச்சி கொத்துவது. மூன்றாம் பாடம், பருந்து வந்தால் தண்ணீருக்குள் அமிழ்ந்து, அலகின் நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருப்பது. போன வருஷத்துக் குஞ்சுகள் எல்லாம் இந்த வரிசையில்தான் படித்துத் தேறின. அதனால் அந்த வரிசை அவனுக்கு வேதவாக்கு.

இந்த வருஷம் பொரிந்தது ஒரே ஒரு குஞ்சு. பெயர் குமிழி. அவளுக்கு முதல் பாடமே ஏறவில்லை.

எதைக் கண்டாலும் அவள் நின்றுவிடுவாள். தட்டான் உட்கார்ந்தால் நிற்பாள். மொட்டு விரிந்தால் நிற்பாள். சும்மா ஒரு நீர்த்துளி உருண்டால்கூட நிற்பாள். அல்லி இலை என்ன கட்டாந்தரையா? நின்றால் மெல்ல அமிழும். இலையோடு குமிழியும் அமிழ்வாள்.

"குமிழி! நிக்காதே, ஓடு!"

"ஒரு நிமிஷம்ப்பா! இந்தத் தட்டான் கண்ணுக்குள்ள நான் தெரியறேன்!"

தொபுக்!

நீளவாலன் அவளை இழுத்துக் கரையேற்றுவான். "மறுபடியும் முதல்லேருந்து!" என்பான். அவளும் மறுபடி ஓடுவாள், மறுபடி நிற்பாள், மறுபடி தொபுக்!

பனிக்காலம் நெருங்கியது. பனியோடு சேர்ந்து பூனைப்பருந்தும் வரும். குளத்தின் மேல் தாழப் பறந்து குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போவதே அதற்குப் பிழைப்பு. மூன்றாம் பாடம் தெரியாத குஞ்சு அதன் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். நீளவாலன் பயந்துபோய் என்ன செய்தான் தெரியுமா? அதே முதல் பாடத்தை இன்னும் சத்தமாக நடத்தினான்!

பக்கத்து நாணலில் நாச்சி என்ற நாமக்கோழி குடியிருந்தாள். நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம், வாயில் எந்நேரமும் ஊர் வம்பு.

"என்ன தம்பி, உன் பொண்ணு இன்னும் முதல் பாடத்துலயேவா? என் பசங்க நாணலுக்குள்ள ஓடி ஒளியற வரைக்கும் படிச்சு முடிச்சாச்சே!"

நீளவாலனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வந்த கோபத்தைக் குமிழியிடம் காட்டினான். "நீ எதுக்குமே லாயக்கில்ல!" என்று கத்திவிட்டு, திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

சற்று நேரத்தில் மனசு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தான். குமிழியைக் காணோம்!

"குமிழி! கண்ணு! எங்கே இருக்கே?"

பதில் இல்லை. இலை இலையாகத் தாவினான். பாசியை விலக்கிப் பார்த்தான். அந்த ஒரு சொல்லை ஏன் சொன்னோம் என்று அழுதான். அப்போது, காலடியிலேயே ஒரு அலகு நுனி தண்ணீருக்கு வெளியே தெரிந்தது.

அவன் வெடுக்கென்று இழுத்ததும் குமிழி தலையை உதறினாள்.

"ஏன்டி கண்ணு குரல் கொடுக்கல? என் உயிரே போயிடுச்சு!"

"ஒரு குட்டி மீன் என் கண்ணு வரைக்கும் வந்துதுப்பா. நான் அசைஞ்சா ஓடிடுமே!"

இத்தனை நாளும் அவள் தோற்றுத் தோற்று விழுந்ததாக நீளவாலன் நினைத்தானே, விழுந்த இடத்தில் அவள் மூன்றாம் பாடத்தை அல்லவா படித்துக்கொண்டிருந்தாள்! அதை அவனல்லவா இழுத்து இழுத்துக் கெடுத்துக்கொண்டிருந்தான்!

மறுநாளே வரிசையை மாற்றினான். முதலில் மூன்றாம் பாடம்.

"முதல் பாடம் முடிக்காத குஞ்சுக்கு மூணாம் பாடமா? ஊர் சிரிக்கும் தம்பி!" என்றாள் நாச்சி.

"சிரிக்கட்டும்க்கா. பொண்ணு என் பொண்ணு!"

ஓடும் பாடத்தையும் அவன் விட்டுவிடவில்லை, அவளுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டினான். "ஒத்தை இலையில ஓடு. இலைங்க ஒண்ணு மேல ஒண்ணாக் கிடக்கிற இடத்துல நின்னு, வேணுங்கற மட்டும் வேடிக்கை பாரு!" என்றான். வேடிக்கை பார்க்க அடுத்த இடம் எப்போது வரும் என்று குமிழி ஓட ஆரம்பித்தாள். தொபுக் சத்தமும் குறைந்தது.

ஒரு காலை, நீளவாலன் குளத்தின் மறுகோடியில் இரை தேடிக்கொண்டிருந்தான். பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பூனைப்பருந்து வந்தது! குமிழி திறந்தவெளியில், இலைக் குவியலின் மேல் தனியாக நின்றிருந்தாள்.

"நாணலுக்கு ஓடுங்கடா!" என்று நாச்சி கத்தினாள். அவள் குஞ்சுகள் நாணலுக்குள் பாய்ந்தன; கடைசிக் குஞ்சை மட்டும் அவளே தள்ளிக்கொண்டு போனாள். குமிழியிடமிருந்து நாணல் வெகுதூரம். எவ்வளவு வேகமாக ஓடினாலும் எட்டாது.

"குமிழி! மூணாம் பாடம்!" என்று நீளவாலன் அலறினான்.

பருந்து இறங்கியது. இலைமேல் ஒன்றும் இல்லை!

"இங்கே ஒரு குஞ்சு நின்னுச்சே! எங்கே?" என்று பருந்து உறுமியது.

நீளவாலன் பறந்து வந்து சேர்ந்தான். "குஞ்சா? அல்லி மொட்டைப் பார்த்திருப்பீங்க!"

"என் கண்ணையா சந்தேகப்படறே? இங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன்!"

பருந்து அந்த இலைக் குவியலின் மேலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தது. தண்ணீரில் சின்னச் சுழிகூட எழவில்லை. கடைசியில் அதற்கே சலித்துப்போய், சிறகை விரித்துக்கொண்டு அடுத்த குளத்தைப் பார்க்கப் போய்விட்டது.

"குமிழி?"

பருந்து உட்கார்ந்திருந்த இலைக் குவியலின் அடியிலிருந்தே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அப்பா! அதோட காலுல ஒரு நகம் உடைஞ்சிருக்கு! பக்கத்துல பார்த்தேன்!"

நீளவாலனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஈரக் குஞ்சை அப்படியே சிறகுக்குள் வாரி அணைத்துக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

நாணலிலிருந்து நாச்சி மெல்ல எட்டிப் பார்த்தாள். "தம்பி, அன்னிக்கு நான் சும்மா பெருமையடிச்சேன். என் கடைசிப் பையனுக்கு ஓட்டமே வரமாட்டேங்குது. நீ கொஞ்சம் பார்க்கறியா?"

"பார்க்கலாம்க்கா. அவனுக்கு என்ன பிடிக்கும்னு முதல்ல சொல்லுங்க!" என்றான் நீளவாலன்.

பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், அதற்குப் பொருந்தும்படி பாடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.