நெருப்புக்குப் போட்ட எல்லை

முன்னொரு காலத்தில் ஒரு தேசம் இருந்தது. பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அதன் அரசருக்கு விசித்திரமான ஓர் ஆசை. தம் ஆட்சியில் ஒவ்வொரு சீமையிலும் வீடு கட்டும் சட்டம் வேறு வேறாக இருக்க வேண்டும். விருந்து இலையில் பல பதார்த்தம் இருப்பதுபோல் என்று பெருமை அடித்துக்கொள்வார்.

ஆலங்குறிச்சி என்ற ஊரில் ஒரு தெருவே இரண்டு சீமைக்கு எல்லை. வடக்கு வரிசை வடசீமை. அங்கே ஓட்டுக் கூரைதான் போடவேண்டும். தெற்கு வரிசை தென்சீமை; அங்கே ஓலையோ வைக்கோலோ, கேட்பார் கிடையாது. அரசவை விகடகவி ஏகாம்பரம் அந்தத் தெருவை வைத்துச் சபையைப் பலமுறை சிரிக்க வைத்திருக்கிறான்.

ஒரு பங்குனி மதியம் தெற்கு வரிசையில் கூடை முடைகிற சின்னாண்டியின் ஓலைக் கூரை பற்றிக்கொண்டது. காற்று வேறு. எரிந்த ஓலை பறந்துபோய் எதிர் வரிசையில் ஓட்டுக்கு அடியிலிருந்த மரச்சட்டங்களைப் பிடித்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்ப ஓடிய சின்னாண்டியின் மனைவி வெள்ளச்சி திரும்பி வரவில்லை.

சேதி கேட்ட அன்று ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தெருவைப் பார்த்துச் சிரித்தோமே, ஒரு நாளாவது பயந்தோமா என்று தன்னையே நொந்துகொண்டான்.

சபையில் பிரதானி வைரவநாதர் எழுந்தார். ஏகாம்பரத்துக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சிரிப்பும் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாபிரபு, சட்டத்தில் பிழையில்லை. தென்சீமைச் சட்டம் எல்லையோடு முடிந்தது. அந்தச் சட்டத்தால் வடசீமைக்கு ஓர் ஆபத்தும் இல்லை. நெருப்பை எல்லை தாண்ட விட்டவன், இப்போது சிறையில் கிடக்கும் சின்னாண்டி. அவனைத் தேசத்தைவிட்டுத் துரத்த வேண்டும்."

"ஒரே தெருவுக்கு இரண்டு சட்டம் வைத்ததுதான் குற்றம், பிரபு" என்றான் ஏகாம்பரம். "அவன் மேல் குற்றமில்லை."

பிரதானிக்கு வாகாக அமைந்தது. "அப்படியானால் சட்டம் எப்படி ஊரை எரிக்கும் என்று இந்தச் சபையிலேயே காட்டட்டும். காட்டாவிட்டால் இவனும் சின்னாண்டியோடு போகட்டும்."

அரசருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "நாளைக் காலையில் காட்டு" என்றார்.

மறுநாள் ஏகாம்பரம் சபை நடுவே கோலமாவால் நீளமாக ஒரு கோடு இழுத்தான். சிம்மாசனம் ஒரு பக்கம், பிரதானியின் ஆசனம் மறுபக்கம். பிரதானியைச் சுற்றி வைக்கோலைக் கொண்டுவந்து குவித்தான். பிறகு ஒரு சட்டி நிறையக் கங்கோடு வந்து நின்றான்.

"என்ன காரியம் இது?" என்று பிரதானி துள்ளி எழுந்தார்.

"தாங்கள் இருப்பது தென்சீமை, ஐயா. இங்கே வைக்கோல் இருக்கலாம். அரசர் இருப்பது வடசீமை. அவருடைய பட்டு விதானத்துக்கு ஒன்றும் ஆகாது, நடுவே எல்லை போட்டிருக்கிறேன். உத்தரவு கொடுங்கள், பற்றவைக்கிறேன்."

"பைத்தியக்காரா, மண்டபமே சாம்பலாகிவிடும். நெருப்பு உன் கோட்டைப் பார்த்து நிற்குமா?"

"நிற்காதா, ஐயா? வடசீமைக்கு ஆபத்தில்லை என்று நேற்றுத் தாங்கள்தானே சொன்னீர்கள்?"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வைரவநாதரே, உமது வாயாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்" என்றார். அங்கேயே உத்தரவு பிறந்தது. இனி எல்லாச் சீமைக்கும் கூரைச் சட்டம் ஒன்றே. ஓடு வாங்க வக்கில்லாதவர்களுக்கு அரண்மனை ஓடு கொடுக்கும். சின்னாண்டிக்கு விடுதலை. ஏகாம்பரத்துக்குப் பட்டுச் சால்வை.

காவலர்கள் நடந்ததைச் சொல்லிச் சின்னாண்டியைச் சிறையிலிருந்து அழைத்து வந்தார்கள். அவன் ஏகாம்பரத்தைக் கும்பிட்டான். தரையிலிருந்த கோலமாவுக் கோட்டையும் வைக்கோலையும் பார்த்தான்.

"இம்புட்டுச் சுளுவான காரியமா சாமி இது? போன மாசமே செஞ்சிருந்தா எங்க வெள்ளச்சி இருந்திருப்பாளே."

அரசர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் தலை குனிந்து, தான் போட்ட கோலமாவுக் கோட்டைக் கையால் அழித்தான்.