பல்லி வால் துடித்த கதை

அந்தக் காலத்தில் பல்லிகளும் பேசும். இப்போது போல ஒரு 'ச்சு'வோடு வாயை மூடிக்கொள்கிற வழக்கமெல்லாம் கிடையாது. ஆரம்பித்தால் ஊர்க்கதை முழுக்கப் பேசித்தான் ஓயும். இன்னொன்றும் உண்டு. பல்லியின் வால் அப்போது உடம்போடு இறுக ஒட்டியிருந்தது. லேசில் கழலாது.

ஆற்றங்கரைச் சத்திரம் ஒன்றின் சுவரில் ஒரு பல்லிக் குடும்பம் இருந்தது. அதில் கடைக்குட்டியின் பெயர் மரகதவல்லி. பெயர் வைத்ததோடு சரி, ஒருநாளும் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. சாப்பிட உட்கார்ந்த வழிப்போக்கரின் இலையில் குதிப்பாள், படுத்திருப்பவரின் குடுமிக்குள் ஒளிந்துகொள்வாள். ஒரு நிமிஷம் சும்மா இருந்தால்தானே! அதனால் தாத்தா அவளை 'வாலு' என்றே கூப்பிடுவார். அவருக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். பிடிக்கிற முதல் கொசு எப்போதும் அவளுக்குத்தான். அவளும் தாத்தாவின் முதுகில் ஏறிப் படுத்தால்தான் தூங்குவாள்.

அந்த வருஷக் கோடையில் தாத்தா படுத்துவிட்டார். விளக்கு மாடத்தின் மூலையில் கிடந்தார். மூச்சு ஏறி இறங்குவதே தெரியவில்லை. வாலு பிடித்துக்கொண்டு வந்த கொசுக்கள் அவர் வாயருகே அப்படியே கிடந்தன. தாத்தா இல்லாத சுவரில் எப்படி இருப்பது என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் உச்சி வேளை. அம்மா இரை தேடச் சமையற்கட்டுப் பக்கம் போயிருந்தாள். கையில் கயிற்றோடு ஒரு ஆள் வந்து மாடத்தருகே நின்றான். எமனுடைய தூதன். வேலைக்குப் புதுசு போலிருக்கிறது. கயிற்றில் சுருக்குப் போடவே தடுமாறினான்.

"யாரு நீங்க? எங்க தாத்தாவை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள் வாலு.

"கூட்டிட்டுப் போகணும் பாப்பா. எசமான் உத்தரவு. தள்ளிக்கோ."

அவள் தள்ளிக்கொள்ளவில்லை. தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தூதனுக்கு மனசு கேட்கவில்லை.

"சரி சரி, அழாதே. வெறுங்கையோட நான் போக முடியாது. உங்க தாத்தா எதைத் தன் உயிர்னு சொல்றாரோ, அதைக் குடு. இவரை விட்டுடறேன்" என்றான். பிறகு குனிந்து, "பெரியவரே, உம்ம உயிர் எது?" என்று தாத்தாவின் காதருகே கத்தினான்.

தாத்தா கண்ணைத் திறக்கவில்லை. கேட்பது யாரென்று அவருக்கு எங்கே தெரியும்? பேத்தியைப் பற்றி யாரோ விசாரிக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, மெல்லச் சிரித்தார்.

"வாலுதான்யா என் உயிரு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாத்தா பாசத்தில் அவளையே அல்லவா எடுத்துக் கொடுத்துவிட்டார்! நல்லவேளை, அது அவள் பெயர் என்று தூதனுக்குத் தெரியாது. "வாலா? வாலுக்குள்ளேயா உயிரை வச்சிருக்கார்?" என்று கிழவரின் வாலைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

அதைப் பிடித்து இழுத்தால் இருக்கிற கொஞ்சம் மூச்சும் நின்றுவிடும். வாலு குறுக்கே பாய்ந்தாள். "அவர் சொன்னது என் வாலை! இருங்க, நானே தர்றேன்."

சத்திரத்துக் கதவின் கீல் இடுக்கில் வாலை நுழைத்தாள். காற்றில் கதவு சாத்திக்கொள்ளும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சாத்தியதும் மூச்சைப் பிடித்து இழுத்தாள். உயிர் போகிற வலி. வால் தனியாக வந்து தரையில் விழுந்தது.

செத்த வாலை உயிர் என்று எந்தத் தூதன் நம்புவான்? "துடி கண்ணு, துடி" என்று தூதன் காதில் விழாமல் அவள் வாலிடம் கெஞ்சினாள். "இந்த ஆள் ஆத்தைத் தாண்டற வரைக்குமாவது துடி."

வால் ஒரு துள்ளுத் துள்ளியது. நெளிந்தது, சுருண்டது, மறுபடி துள்ளியது.

"அடேயப்பா, உயிரேதான்!" என்று அதை மடியில் கட்டிக்கொண்டு தூதன் நடையைக் கட்டினான். போன இடத்தில் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னால் பொழுது போதாது. ஒரு பல்லிக்குட்டியிடம் ஏமாந்தோம் என்று வெளியே தெரிந்தால் மானம் போகுமே என்று எமனும் உடனே வேறு ஆளை அனுப்பவில்லை.

சாயங்காலம் தாத்தா கண் விழித்தார். "பசிக்குதுடி" என்றார். அவள் கொசுவை ஊட்டத் திரும்பியபோதுதான் பார்த்தார்.

"உன் வால் எங்கேடி?"

நடந்ததைச் சொன்னாள். தாத்தா அவளைத் திட்டினார். "இந்தக் கட்டைக்காகவா இப்படிப் பண்ணினே, பைத்தியக்காரி!" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

வால் அறுந்த இடத்தில் கொஞ்ச நாளில் குருத்துப் போலப் புதிதாக ஒன்று முளைத்தது. தாத்தா தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பார். "இன்னைக்கு ஒரு இம்மி வளந்திருக்கு" என்பார். அது முழு வாலாக வளர்கிறவரை அவர் இருந்தார். பிறகு, எல்லாரும் போகிற மாதிரி, தூக்கத்திலேயே போனார். அந்தக் கொஞ்ச காலம் போதுமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போதாது என்றுதான் சொல்லியிருப்பாள்.

வாலு தன் வாலைக் கொடுத்த அன்று முதல்தான் ஆபத்து வந்தால் பல்லி வாலைக் கழற்றிப் போடுகிறது. கழன்று விழுந்த வாலும், யாருக்கோ இன்னும் கொஞ்ச நேரம் வாங்கித் தருவதற்காகத் துடித்துக்கொண்டே இருக்கிறது.