ஒளிந்த ஃபோல்டரும் அப்பாவிப்பட்டிப் பாலும்

கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு ஃபோல்டர் ஒளிந்துகொண்டால் அதை எப்படி வெளியே வரவைப்பீர்கள்? தெரியாவிட்டால் பரவாயில்லை. அப்பாவிப்பட்டி பால் சொசைட்டியில் மூன்று பேருக்கு நன்றாகத் தெரியும்.

சொசைட்டி செயலாளர் செங்கமலத்துக்கு அன்று தலைபோகிற வேலை. பால் அளக்கிற புது புரோகிராமை டவுனிலிருந்து ரெஹானா மேடம் பென்டிரைவில் அனுப்பியிருந்தார். அதிலிருக்கும் எல்லாவற்றையும் சொசைட்டி கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டும். ஐந்து மணிக்கு லாரி வரும். புரோகிராம் ஓடாவிட்டால் பாலை அளக்க முடியாது. அளக்காத பாலை லாரி ஏற்றாது. நாற்பது வீட்டுப் பாலும் திரிந்துபோகும்.

செங்கமலம் சேர்த்தாள். புரோகிராம் அசையவில்லை. போன் போட்டாள்.

"ஒரு ஃபோல்டர் விட்டுப்போச்சும்மா. அது மறைஞ்சிருக்கும். தேடிப் பிடிச்சுச் சேருங்க," என்றார் ரெஹானா.

தேடினார்கள். கணக்கர் தங்கப்பழம் மானிட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்தார். பால் ஊற்றுகிற மாயாண்டி கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினான். நாலு எறும்பும் ஒரு முறுக்குத் துண்டும் விழுந்தன. முறுக்கைத் தின்று பார்த்து, "இது ஃபோல்டர் இல்ல," என்று உறுதி செய்தான்.

"நாம முறைச்சுப் பார்த்துக்கிட்டே நின்னா அது எப்படி வெளிய வரும்? கூச்சமா இருக்காதா?" என்றார் தங்கப்பழம்.

நியாயம்தானே! மூவரும் சுவர்ப்பக்கம் திரும்பி நூறு வரை எண்ணினார்கள். வரவில்லை.

"அப்ப நாமளும் ஒளிஞ்சுக்குவோம். காணோமேன்னு அது தேடிக்கிட்டு வரும்," என்றாள் செங்கமலம். அவள் மகள் அப்படித்தான் கட்டிலடியிலிருந்து வருவாள்.

மேசைக்கடியில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"என்னம்மா, கண்டுபிடிச்சாச்சா?"

"மெதுவாப் பேசுங்க மேடம். அது இன்னும் எங்களைக் கண்டுபிடிக்கல."

ரெஹானா நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "திரையில மேல 'பார்வை'ன்னு இருக்கும், அழுத்துங்க. 'மறைந்தவை'ன்னு ஒரு கட்டம் வரும். அதுல டிக் போடுங்க."

மாயாண்டி சிவப்புப் பேனாவால் மானிட்டர் கண்ணாடி மேல் அழகாக டிக் போட்டான்.

"சிவப்பு மையில போட்டாச்சு மேடம்."

"ஐயோ, மவுஸால போடுங்கம்மா!"

செங்கமலம் மவுஸால் போட்டாள். வந்தே விட்டது ஃபோல்டர்! ஆனால் மற்ற ஃபோல்டரெல்லாம் பளிச்சென்று மஞ்சளாயிருக்க, இது மட்டும் வெளிறிப்போயிருந்தது. ஒளிந்த ஃபோல்டர் அப்படி மங்கலாகத்தான் தெரியும். அதை யார் இவர்களுக்குச் சொல்வது?

"எத்தனை நாளா சோறு தண்ணியில்லாம உள்ளயே கெடந்துச்சோ!" செங்கமலத்துக்குக் கண் கலங்கியது.

"காமாலையா இருக்குமோ?" என்றான் மாயாண்டி.

"காமாலைன்னா மஞ்சளாயிருக்கும்டா. இதுக்கு ரத்தசோகை," என்ற தங்கப்பழம், மற்ற ஃபோல்டரையெல்லாம் உற்றுப் பார்த்துத் திடுக்கிட்டார். "காமாலை இவங்களுக்குத்தான்!"

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. கம்ப்யூட்டரைக் கம்பளியால் போர்த்தி, தலைமாட்டில் தலையணை வைத்து, மூவரும் லாரியில் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். பால் கேன்களையும் பக்கத்தில் வைத்தார்கள்.

"அளந்தாச்சா?" என்று டிரைவர் கேட்டார்.

செங்கமலம் கையெடுத்துக் கும்பிட்டாள். "அளவெல்லாம் பார்க்காதீங்கண்ணே. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள அந்த வெளிறினது கண் முழிச்சா, போதும்னு சொல்ற வரைக்கும் பாலை ஊத்திக் குடுங்க."