கை படாத காடு

ரொம்ப ரொம்ப முந்தி, காடு யாருக்குச் சொந்தம்னு யாருமே கேக்காத காலத்துல, நூறைமலைன்னு ஒரு மலை இருந்துச்சு. மலை முழுக்க நூறைக்கிழங்கு. அதைத் தோண்டித் தின்னு பிழைச்ச சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, கேட்டுக்குங்க. கிழங்கை முழுசாப் பிடுங்கிட்டு வரமாட்டாங்க. கொடி ஒட்டியிருக்கிற தலையைக் கத்தியால வெட்டி, அதே குழியில வச்சு மண்ணைத் தள்ளி மூடுவாங்க. “இருந்து வளரு, திரும்பி வாரேன்”னு சொல்லிட்டுத்தான் நகருவாங்க. பூட்டன் காலத்துலயிருந்து அப்படித்தான்.

கீழே நாட்டை ஆண்டவன் சேந்தவர்மன், வேட்டைப் பித்து பிடிச்ச ராஜா. மலை மொத்தமும் தனக்கே வேணும்னு மந்திரவாதியைக் கூப்பிட்டான். அந்த நேரம் பார்த்து மலைச்சனத்துல நஞ்சியும் அவ புருசன் கெம்பனும் அரண்மனைக்குத் தேன் கொண்டுவந்து ஓரமா நின்னாங்க. அவங்களை யாரு கண்டுக்கிட்டா?

“மலையைச் சுத்தி மாயக்கோடு போடறேன் மகாராஜா. உங்க உத்தரவில்லாம தாண்டினவன் கல்லாயிடுவான். ஆனா மனுசக் கை படாத காட்டுலதான் இந்தக் கோடு நிக்கும். அதை உங்க வாயால சொல்லணும். பின்னால மாத்திச் சொன்னீங்கன்னா கோடு அழிஞ்சிடும்.”

“கை படாத காடுதான்யா. அங்க யாரு இருக்கா?”ன்னான் ராஜா. நஞ்சி அங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தா.

சேவகர்கள் போய் சனத்தையெல்லாம் கீழே விரட்டினாங்க. கோடு விழுந்துச்சு. கீழே கட்டாந்தரையும் பசியும்தான். பசி தாங்காம கெம்பன் கோட்டைத் தாண்டினான், கல்லானான். அவனுக்குப் பின்னால ஒவ்வொருத்தரா ஆறு பேர் தாண்டினாங்க, கல்லானாங்க. ராஜா என்ன செஞ்சான் தெரியுமா? “நல்ல கல்லா இருக்கே”ன்னு சொல்லி, அவங்களைச் செதுக்கி மலையடிவாரத்துல வேட்டை மாளிகை கட்டினான். இதைச் சொல்லும்போது எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

நஞ்சிகிட்ட மிச்சம் இருந்தது ஒரே ஒரு கிழங்கு. தன் வாயில போட்டுக்காம அதைச் சுட்டு, தேனைத் தொட்டு, மாளிகைக்குப் போய் ராஜாகிட்ட நீட்டினா. ராஜா தின்னான், விரலை நக்கினான். “இன்னும் வேணும்”னான்.

“நான் கோட்டைத் தாண்டி உள்ள வரக் கூடாதே சாமி. வெளிய நின்னு கொடியைக் காட்டுறேன், உங்க ஆளுங்க தோண்டட்டும்.”

முதல் கொடியைத் தோண்டினாங்க. தலையோட பிடுங்கி, தலையைத் தூக்கி வெயில்ல எறிஞ்சாங்க. ராஜா பார்த்தான். “தலையில இதென்ன தழும்பு?”

“பன்னி கடிச்சிருக்கும் மகாராஜா”ன்னாங்க ஆளுங்க.

ரெண்டாவது கொடி. “இதுலயும் இருக்கே?”

“அதுவும் பன்னிதான் மகாராஜா.”

மூணாவது கொடி செங்குத்தான சரிவுல இருந்துச்சு. அந்தத் தலையை ராஜாவே கையில வாங்கினான். பழைய தழும்பு, அதுக்கும் பழைய தழும்பு, எல்லாம் நேர்க்கோடு.

“கூறுகெட்டவனுங்களா, பன்னிக்கு ஏதுடா கத்தி? மனுசக் கைதான் வெட்டியிருக்கு. இந்த மலையில எங்க தோண்டினாலும் மனுசக் கை பட்டிருக்கு.”

சொல்லி வாயை மூடல, கோடு அழிஞ்சுபோச்சு. மாளிகை மடமடன்னு சரிஞ்சுது. சுவத்துலயிருந்தும் படியிலயிருந்தும் சனம் எழுந்து வந்துச்சு. ஏழு பேர்ல அஞ்சு பேர்தான். மத்த ரெண்டு பேரைச் சல்லியா உடைச்சுப் பாதையில கொட்டியிருந்தாங்க. கெம்பன் வந்தான். படிக்கு அளவு சரியா வரலன்னு அவன் வலது கையைச் செதுக்கி எடுத்திருந்தாங்க.

ராஜா ரெண்டு எட்டு பின்னால வச்சான். ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, “போங்க, இந்தக் காட்டை உங்களுக்கே தானமாக் குடுத்தேன்”னான். சொல்லிட்டுக் கும்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தான்.

“எங்க காட்டை எங்களுக்கே தானமா? அந்த ரெண்டு பேரையும் என் புருசன் கையையும் யாரு தானமாத் தருவா சாமி?”ன்னு கேட்டா நஞ்சி. ராஜா பதில் சொல்லாம குதிரை ஏறிப் போனான். அவன் வாரிசுங்க இன்னிக்கும் பதில் சொல்லல.

நஞ்சி அவனைத் திரும்பிப் பார்க்கல. வாடிக்கிடந்த மூணு தலையையும் பொறுக்கி அததுக்குரிய குழியில வச்சா. கெம்பன் இடது கையால மண்ணைத் தள்ளினான்.

“இருந்து வளரு,”ன்னான். அதோட நிறுத்திக்கிட்டான்.

“திரும்பி வாரேன்னு சொல்லலியே?”

“எங்க போகப்போறேன், திரும்பி வர?”ன்னான் கெம்பன்.