கண்ணாடி அறையில் கோடை முகாம்

மூளையை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொக்குமடை அருங்காட்சியகத்துக் காவலாளிகள் மூன்று பேரும் அந்த ரகமில்லை. அவர்கள் வீட்டில் தேடினாலும் கிடைக்காது.

சடையாண்டி மூத்தவர். விசில் அவரிடம் இருந்ததால் தலைவரும் அவரே. ஒச்சப்பன் அவருடைய தம்பி. காசிமாயன் ஒச்சப்பனின் மச்சான். மூவருக்கும் தற்காலிக வேலை, அதுவும் பல வருடங்களாகத் தற்காலிகம்.

கப்பலில் வேலை பார்த்த ஒரு மனிதர் நாடு நாடாகப் போய் முகமூடி, மத்தளம், ஈட்டி என்று வாங்கிக் குவித்தார். "ஒண்ணு இதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று மனைவி சொல்லவே, எல்லாவற்றையும் ஊருக்குத் தானம் செய்தார். இப்படித்தான் கொக்குமடைக்கு உலகப் பண்பாட்டு அருங்காட்சியகம் வந்தது.

அங்கே குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடந்தது. அதன் கடைசி நாளன்று சென்னையிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. அவருக்குத் திருப்தி என்றால் மூவருக்கும் வேலை நிரந்தரம். காசிமாயனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று பெண் வீட்டார் முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

காப்பாட்சியர் அமலோற்பவம் அதிகாரியை அழைத்து வர ரயிலடிக்குக் கிளம்பினார். கிளம்பும்போது மூவரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னார்.

"பிள்ளைங்க இன்னைக்கு எஸ்கிமோ பனிவீடு செய்யணும். நிஜம் மாதிரியே இருக்கணும். காட்சிப் பொருளை யாரும் தொடக் கூடாது. கண்ணாடிக்குள்ள இருக்கிற எல்லாத்துக்கும் எந்த நாடு, என்ன காலம், எதுல செஞ்சதுன்னு சீட்டு ஒட்டியிருக்கணும். என் கையெழுத்து இல்லாம எதையும் வெளிய எடுக்கக் கூடாது. ஆபீசர் வரும்போது எந்தக் கண்ணாடி அறையும் காலியா இருக்கக் கூடாது, பூட்டியும் இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்," என்றார்கள் மூவரும். இந்த ஒரு பொய்யைத் தவிர அவர்கள் அன்று முழுக்க ஒரு தவறும் செய்யவில்லை.

பனிவீட்டுக்கென்று மேசை மேல் பஞ்சும் அட்டையும் இருந்தன. ஒச்சப்பன் பஞ்சைத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணே, இது ஜில்லுன்னு இல்லையே."

"நிஜம் மாதிரின்னு சொன்னாங்க. அப்ப ஜில்லுன்னுதான் இருக்கணும்," என்றார் சடையாண்டி.

மீன் மார்க்கெட்டிலிருந்து மூன்று சக்கர வண்டியில் ஐஸ் பாளங்கள் வந்து இறங்கின. சித்திரை வெயில். சுவர் எழும்புவதற்குள் வீடு ஆறாகிவிட்டது. மீன் செதில்கள் மிதக்க, குழந்தைகள் வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி வழுக்கினார்கள். முகாம் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

காசிமாயன் ஓடி வந்தான். "அண்ணே, பிள்ளைங்களுக்குச் சளி பிடிச்சா ஆபீசர் நம்மளத்தான் கேப்பாரு. என் கல்யாணம் போச்சு!"

ஈரமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆப்பிரிக்க நடன பொம்மைகள் நின்ற பெரிய கண்ணாடி அறை. பொம்மைகள் வர்ணம் பூசப் போயிருந்தன. மேலே காற்றோட்டத்துக்குப் பொடித் துளைகள், உள்ளே மின்விசிறி.

சடையாண்டி விசில் ஊதினார். "எல்லாரும் உள்ள ஏறுங்க! பிள்ளைங்களும் நனையாது, அறையும் காலியா இருக்காது."

தம்பியும் மச்சானும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். குழந்தைகள் அறைக்குள் போனபின்தான் அடுத்த சிக்கல் வந்தது.

"பிள்ளைங்க கண்ணாடிக்குள்ள போயிருச்சே, சீட்டு ஒட்ட வேண்டாமா?" என்றான் ஒச்சப்பன்.

பர்வீன் என்ற எட்டு வயதுப் பெண் முன்னால் நின்றாள். அவளிலிருந்து தொடங்கினார்கள்.

"பாப்பா, நீ எந்த நாடு?"

"கீழத்தெரு."

"என்ன காலம்?"

"கோடை விடுமுறை."

"எதுல செஞ்சதுன்னு எழுதணுமே," என்று காசிமாயன் அவள் கன்னத்தைக் கிள்ளப் போனான்.

"தொடாதடா! காட்சிப் பொருள்!" என்று சடையாண்டி அலறினார். கூடிப் பேசி, மண்ணுமில்லை மரமுமில்லை என்று எழுதி ஒட்டினார்கள். எல்லாருக்கும் ஒட்டி முடித்ததும் கதவைப் பூட்டினார்கள்.

பார்வையாளர்கள் வந்தார்கள். ஒருவர் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, "உசிரோட இருக்கிற மாதிரியே செஞ்சிருக்கான்யா!" என்று வியந்தார். பர்வீன் நாக்கைத் துருத்தினாள். "மோட்டார் வச்சிருக்காங்க," என்று மனைவிக்கு விளக்கிவிட்டுப் போனார்.

மதியம் பெற்றோர் வந்தார்கள். பர்வீனின் அத்தா ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார், கண்ணாடிக்குள் மகளைக் கண்டார்.

"என்னய்யா இது? என் பிள்ளைய வெளிய விடுங்க!"

"மேடம் கையெழுத்து வேணும் பாய்," என்றான் ஒச்சப்பன் பணிவாக.

"நான் பெத்த பிள்ளைக்கு மேடம் கையெழுத்தா?"

"இந்த ஈட்டிகூட யாரோ செஞ்சதுதான். அவரு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டோம்."

அத்தா ஈட்டியைப் பார்த்தார். ஒச்சப்பனைப் பார்த்தார். அவர் மனதில் ஓடியதை இங்கே எழுத முடியாது.

நல்ல வேளையாக அமலோற்பவம் திரும்பி வந்தார். ரயிலில் அதிகாரி வரவில்லை, காரில் வருகிறாராம். தரையில் மீன் தண்ணீர், கண்ணாடிக்குள் குழந்தைகள், வாசலில் அழும் தாய்மார்கள். பாவம், அந்த அம்மாள் தெரிந்த வசவையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டினார்.

"கையெழுத்து, மேடம்," என்று சடையாண்டி காகிதத்தை நீட்டினார். அமலோற்பவம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். கதவு திறந்தது. குழந்தைகள், "நாளைக்கும் வரலாமா?" என்று கேட்டபடியே போனார்கள். அத்தா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

அறைக்குள் முறுக்குத் துண்டும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. "ஆபீசர் வர்ற நேரம்! உங்கள நம்பினா அவ்வளவுதான்," என்று அமலோற்பவமே உள்ளே ஏறிக் குனிந்து பொறுக்கினார்.

வெளியே கார்ச் சத்தம் கேட்டது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறை காலியாக இல்லை. பூட்டவேண்டியதுதான் பாக்கி. பூட்டினார்கள்.

அதிகாரி நிதானமாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரிய கண்ணாடி அறை முன் நின்றார். உள்ளே ஒரு பெண்மணி, ஒரு கையில் செருப்போடு கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி, உள்ளே மின்விசிறிச் சத்தம்; குரல் கேட்கவில்லை. ஈரம் காயாத சீட்டில் இப்படி இருந்தது: அமலோற்பவம். நாடு: அரசாங்கம். காலம்: இப்போதுதான்.

"வாய் அசையுதே!" என்றார் அதிகாரி.

"காலையில இருந்தே இதுக்குள்ள எல்லாம் அசையுதுங்க," என்றான் ஒச்சப்பன்.

"இவங்கதானே காப்பாட்சியர்? திறங்கய்யா!"

"காப்பாட்சியர் கையெழுத்து இல்லாம திறக்க முடியாதுங்க," என்றார் சடையாண்டி.

"அவங்களே போடட்டும்! பேனாவ உள்ள குடு!"

"பேனா குடுக்கணும்னா கதவைத் திறக்கணும். திறக்கணும்னா கையெழுத்து வேணும்."

அதிகாரி கண்ணாடியில் கை வைக்கப் போனார். காசிமாயன் குறுக்கே பாய்ந்து தடுத்தான். பிறகு, கல்யாணம் நினைவுக்கு வரவே, ஓடிப்போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, ஈரமில்லாத இடம் பார்த்துப் போட்டு, தோள் துண்டால் துடைத்தான்.

"உக்காருங்க சார். மேடம் இப்ப வந்துருவாங்க."